வெயிலுக்கு ஒரு கோடு

பிள்ளைகளே, போன வாரம், சின்னவனுக்கு அம்மை போட்டிருக்கிறது என்று சொல்ல உங்கள் பள்ளிக்கூடத்துக்கு வந்தேன். தலைமை ஆசிரியர் அறையில் சுவரை அடைத்துக்கொண்டு ஒரு கண்ணாடி அலமாரி. உள்ளே அட்டை கலையாத புத்தகங்கள். வெளியே உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பித்தளைப் பூட்டு. பிள்ளைகள் எப்போது எடுத்துப் படிப்பார்கள் என்று கேட்டேன். படிக்கக் கொடுத்தால் பாழாக்கிவிடுவார்களாம். அதனால்தான் இத்தனை வருஷமாகியும் புதுசாகவே இருக்கிறதாம். அதை அவர் பெருமையாகச் சொன்னார்.

நான் சுட்டுவிரலை மடக்கி அந்தக் கண்ணாடியை இரண்டு தட்டுத் தட்டிவிட்டு வந்துவிட்டேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். அப்பா ஏன் அப்படிச் செய்தார் என்று பெரியவள் வீட்டுக்கு வந்து கேட்டாள். அவளுக்கும், உங்களுக்கும், இதைப் படிக்கிற மற்றப் பிள்ளைகளுக்கும் சேர்த்துச் சொல்கிறேன். அது நான் கண்டுபிடித்த பழக்கமல்ல. தூத்துக்குடியில் எனக்குத் தெரிந்த ஒரு டீச்சரின் பழக்கம்.

இரண்டாம் உலக யுத்தம் முடிந்த சமயம். எனக்குக் கல்யாணமாகவில்லை. உடன்குடியிலிருந்து வந்து, துறைமுகத்தில் ஒரு கப்பல் ஏஜெண்டின் சரக்குக் கிட்டங்கியில் மூட்டைக் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன். ஆபீசில் காதில் விழுந்த இங்கிலீஷ்தான் என் இங்கிலீஷ். நான் குடியிருந்த அறைக்கு அடுத்த வீடு அந்த டீச்சருடையது. கடற்கரைக் கத்தோலிக்கக் குடும்பம். அப்பா தோணியில் தண்டல். அதாவது கொழும்புக்குச் சரக்கு ஏற்றிப் போகும் பாய்மரக் கப்பலின் தலைவர். அம்மா சின்ன வயதிலேயே போய்விட்டார். மகள் பெண்கள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். தம்பி ஒருவன். அவனைத் தூக்கி வளர்த்தது, எழுத்தும் எண்ணும் சொல்லிக் கொடுத்தது எல்லாம் அக்காதான். நானும் அவரை அக்கா என்றே கூப்பிட்டேன்.

அச்சில் வந்துவிட்டது என்பதற்காக எதையும் நம்ப மாட்டார் அக்கா. மருந்துப் பாட்டிலில் வேளைக்கு ஒரு கரண்டி என்று போட்டிருந்தால், எந்தக் கரண்டி என்று கம்பவுண்டரைக் கேட்பார். ஒரு முறை பள்ளிக்கூடத்துக்கு இன்ஸ்பெக்டர் வந்தாராம். பாடப் புத்தகத்தில் ஒரு கணக்கு: ஒரு குழாய் ஒரு தொட்டியை மூன்று மணி நேரத்தில் நிரப்பும், இரண்டு குழாய் திறந்தால் எவ்வளவு நேரம் ஆகும் என்று. அக்கா பிள்ளைகளைப் பார்த்து, "எந்த ஊர்க் குழாய்னு மொதல்ல கேளுங்க. நம்ம தூத்துக்குடிக் குழாய்னா ரெண்டையும் தொறந்து வச்சுட்டு மழைக்குக் காத்திருக்கணும்" என்றார். வகுப்பே சிரித்தது. இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை.

தம்பிக்கு உடம்பு அப்பாவின் உடம்பு. வாய் அக்காவின் வாய். அவன் தோணிக்கு வருவான் என்று தண்டல் எதிர்பார்த்தார். அவனோ விமானம் ஓட்டப் படிக்கப் போகிறேன் என்றான். அதுவும் ஒரு தோணிதான், தண்ணிக்குப் பதிலாகக் காற்றில் மிதக்கிறது என்று சொல்லி அப்பாவைச் சம்மதிக்க வைத்தான். வெளியூரில் ஒரு கம்பெனி. அந்த ஊர் பெயரும் கம்பெனி பெயரும் இங்கே வேண்டாம். பையன்களுக்கு விமானம் ஓட்டச் சொல்லிக் கொடுப்பார்கள். படித்து முடித்தவர்களை வைத்துச் சின்னச் சின்னச் சரக்கும் அனுப்புவார்கள். இவன் படித்து முடித்து அங்கேயே வேலைக்குச் சேர்ந்தான்.

ஒரு சித்திரை மாதம், பத்திரிகைக் கட்டுகளை ஏற்றிக்கொண்டு ஒரு சின்ன மைதானத்திலிருந்து கிளம்பியிருக்கிறான். கட்டுகள் தாமதமாக வந்ததால் காலையில் போக வேண்டிய விமானம் உச்சி வெயிலில் போனது. தரையை விட்டு எழும்பியது, ஆனால் உயரவில்லை. மைதானத்தின் கடைசியில் நின்ற மரங்களில் போய் விழுந்தது. அவன் ஒருவன்தான் அதில் இருந்தான்.

அடக்கம் முடிந்த பிறகு கம்பெனியின் மேனேஜர் அவனுடைய டிரங்குப் பெட்டியைக் கொண்டுவந்தார். கூடத்தில் நானும் இருந்தேன். நல்ல பையன் என்றார். எல்லாருக்கும் பிடித்தவன் என்றார். அதோடு நிறுத்தியிருக்கலாம். "ஆனா கை பத்தலம்மா. கணக்குப்படி அந்த மைதானம் தாராளம். ஏற வேண்டிய விமானம். இவனுக்குத்தான் ஏத்தத் தெரியல" என்றார்.

அக்கா அழுது முகம் வீங்கிப்போய்ச் சுவரில் சாய்ந்திருந்தார். அந்த வார்த்தையைக் கேட்டதும் நிமிர்ந்தார்.

"எந்தக் கணக்குப்படி?"

"புஸ்தகக் கணக்குப்படிதாம்மா."

"எந்தப் புஸ்தகம்?"

மேனேஜர் பெட்டியைக் காட்டினார். அதனுள்ளே பல பேர் கை மாறி, முதுகு கிழிந்து, கோந்து போட்டு ஒட்டிய ஒரு பாடப் புத்தகம் இருந்தது. படிக்கிற பையன்களுக்கெல்லாம் அதைத்தான் கொடுப்பார்களாம்.

ஒரு பையன் செத்துப் போயிருக்கிறான். அவன் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, அவன் வீட்டுக் காபியைக் குடித்துக்கொண்டு, அவன்மேலேயே பழியைப் போட்டுவிட்டுப் போகிறார் ஒருவர். 

அந்தப் பழி அந்த வீட்டுக்கு எப்படிப்பட்டது என்று தெரிய வேண்டுமானால் தோணியில் பாரம் ஏற்றுவதைச் சொல்ல வேண்டும். தோணியின் பக்கவாட்டில் வெள்ளைச் சாயத்தில் இரண்டு கோடு போட்டிருக்கும். கடல் சாந்தமாக இருக்கும் மாதங்களுக்கு ஒரு கோடு. காற்று முறுகும் மாதங்களுக்கு அதற்குக் கீழே ஒரு கோடு. மூட்டை ஏற ஏறத் தோணி அமிழும். தண்ணீர் அந்தந்தக் காலத்துக் கோட்டைத் தொட்டதும் தண்டல் கையைத் தூக்குவார். அவ்வளவுதான். பலகையில் நடந்துவரும் ஆள் தலையில் இருக்கும் மூட்டையோடு திரும்பிக் கரைக்குப் போக வேண்டும். சரக்குக்கு உடையவரே வந்து நின்றாலும் இன்னும் ஒன்று என்று கேட்க முடியாது. அந்தக் கைக்கு அப்படி ஒரு மரியாதை.

அந்தக் கைக்குப் பிறந்தவன் ஏற்றத் தெரியாதவன் என்று பெயர் வாங்கினால் துறையில் சும்மா விடுவார்களா? மூட்டை தூக்குகிறவர்களின் கங்காணி ஒரு ஆள், எகத்தாளம் பிடித்தவர். தண்டல் கையைத் தூக்கிய ஒரு நாள், "மவனுக்கு எவ்வளவு ஏத்தணும்னு சொல்லிக் குடுக்காத மனுசன், நமக்குச் சொல்லுதாரு பாருங்கவே" என்று எல்லார் காதிலும் விழும்படி சொன்னார். தண்டல் தூக்கிய கையை இறக்கினார். அன்றைக்குப் பிறகு துறைக்குப் போகவில்லை. தோணியை வேறு ஒருவர் கொழும்புக்குக் கொண்டுபோனார். இவர் வீட்டில் வலைக்கயிற்றை முறுக்குவதும் அவிழ்ப்பதுமாக இருந்தார்.

அக்கா அப்போதுதான் புத்தகம் தேட ஆரம்பித்தார். விமானம் ஒன்று இவ்வளவு பாரத்தோடு, இவ்வளவு நீளத் தரையில், எந்த வெயிலில் எந்தக் காற்றில் ஏறும், எதில் ஏறாது என்று சொல்கிற நல்ல புத்தகம் ஒன்று வேண்டும். கணக்குச் சரி, பையன்தான் தப்பு என்று சொன்னார்கள் அல்லவா? அந்தக் கணக்கே சரிதானா என்று பார்க்க வேண்டும். அவருக்கு வேறு எதுவும் வேண்டாம்.

முதலில் டிரங்குப் பெட்டிப் புத்தகத்தை வரி விடாமல் படித்தார். மேனேஜருக்கு எழுதி மைதானத்தின் நீளத்தையும் பாரத்தையும் கேட்டு வாங்கினார். தாராளம் என்று காட்டத்தானே, அவரும் தயங்காமல் எழுதினார். போட்டுப் பார்த்தால், மேனேஜர் சொன்ன மாதிரிதான் வந்தது. ஏற வேண்டும்.

"அப்ப சரிதானே அக்கா?" என்று நான் கேட்டுவிட்டேன்.

"தம்பி, இதுல வெயில்னு ஒரு வார்த்தை எங்கன இருக்கு, காட்டு" என்றார்.

தேடினேன். இல்லை. பனியைப் பற்றி இருந்தது, மூடுபனியைப் பற்றி இருந்தது. வெயிலைப் பற்றி ஒரு வரி இல்லை. யாரோ ஒருவர் குளிர் தேசத்தில், புல் முளைத்த தரையில் ஓட்டிப் பார்த்து எழுதிய கணக்கு அது. அதைக் கொண்டுவந்து, சித்திரை மாதத்தில் செருப்பில்லாமல் நிற்க முடியாத நம் ஊரில் பிள்ளைகள் கையில் கொடுத்திருக்கிறார்கள்.

வெயிலுக்கும் விமானத்துக்கும் என்ன என்று கேட்பீர்கள். அக்கா எனக்குச் சொன்னதை அப்படியே சொல்கிறேன். சூடான காற்று இளகிப்போகும். இறக்கைக்கு அதில் பிடிமானம் குறையும். எஞ்சினுக்கும் மூச்சுப் போதாது. அதனால் அதே விமானம் குளிரில் ஏறுவதை விட வெயிலில் அதிக தூரம் ஓடித்தான் ஏறும். ஏறிய பிறகும் மெதுவாகத்தான் உயரும். எவ்வளவு அதிகம் என்பதைத்தான் ஒரு புத்தகம் சொல்ல வேண்டும்.

அந்தப் புத்தகத்துக்காக அலைந்த அலைச்சலைச் சொன்னால் உங்களுக்குச் சிரிப்பு வரும். எனக்குக் கோபம்தான் வருகிறது. ஊரில் துரைமார் கிளப்பு ஒன்று இருந்தது. அதன் நூலகத்தில் விமானப் புத்தகம் இருப்பதாகக் கேள்விப்பட்டுப் போனோம். பெண்பிள்ளைகளை உள்ளே விடுவதில்லை என்றான் வாசலில் நின்றவன். அக்கா அவனைத் தாண்டிக்கொண்டு நடந்தார். உள்ளே கண்ணாடி அலமாரி, பூட்டு. சாவி செக்ரட்டரியிடம், செக்ரட்டரி கொடைக்கானலில். அக்கா விரலை மடக்கிக் கண்ணாடியைத் தட்டினார். "இது என்ன, அருளிக்கமா? வெளிய நின்னு கும்பிட்டுட்டுப் போறதுக்கு?" என்று கேட்டார். கோயிலில் புனிதர்களின் எலும்பைக் கண்ணாடிப் பேழைக்குள் வைத்திருப்பார்கள், அதைத்தான் சொன்னார். செக்ரட்டரி இறங்கி வந்ததும் மறுபடி போனோம். திறந்தார்கள். உள்ளே இருந்தது படப் புத்தகம். மீசை வைத்த துரைகள் விமானத்தின் மேல் சாய்ந்துகொண்டு நின்றார்கள்.

மதராஸில் ஒரு புத்தகக் கடைக்கு எழுதினார். பெண்களுக்கு ஏற்ற சமையல் நூல்களும் தையல் நூல்களும் தங்களிடம் நிறைய இருப்பதாகப் பதில் வந்தது. அக்கா அந்தக் கடுதாசியைக் குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் செருகி வைத்தார். "சமையலுக்கு ஒதவட்டும்" என்றார். மறுநாள் அதை வைத்துத்தான் அடுப்பைப் பற்றவைத்தார்.

நானும் என்னால் ஆனதைத் தேடினேன். கப்பல்காரர்களிடம் சொல்லி வைத்தேன். ஒருவர் கொண்டுவந்தது முதல் யுத்தத்து விமானத்தைப் பற்றியது. அக்கா எந்தப் புத்தகத்தையும் முதல் பக்கத்திலிருந்து படிக்கத் தொடங்க மாட்டார். முதலில் அச்சான வருஷம். பிறகு பின்பக்கத்து அட்டவணை. அதை எங்கே அளந்தான், எப்போது அளந்தான், என்ன காற்றில் அளந்தான் என்று எங்காவது எழுதியிருக்கிறானா என்று பார்ப்பார். போட்டுக் காட்டிய கணக்கு ஒன்றாவது இருக்க வேண்டும். இல்லையென்றால் மூடி என்னிடமே நீட்டிவிடுவார். எத்தனையோ வீரக் கதைகளை அப்படித் திருப்பிக் கொடுத்தார். ஒன்றுகூடத் தேறவில்லை.

பிறகு ஒரு கப்பலின் ஸ்டூவர்டு கொண்டுவந்த புத்தகம் தேறியது. வருஷம் சரி, அட்டவணை சரி, போட்டுக் காட்டிய கணக்கும் உண்டு. வெயில் மட்டும் இல்லை. இருந்தாலும், எந்த வேகம் வந்தால் விமானம் தரையை விடும், அந்த வேகம் வர எவ்வளவு ஓட வேண்டும் என்று விவரமாக இருந்தது. அக்கா பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து போட்டுக்கொண்டே இருந்தார். ஒரு சனிக்கிழமை சாயங்காலம் எழுந்து வெளியே வந்தார். முகமே மாறியிருந்தது. அந்த மைதானம் போதாது என்று கணக்கு வந்துவிட்டது. "அப்பா, எடம் பத்தாது. யாரு ஓட்டியிருந்தாலும் ஏறியிருக்காது" என்றார்.

தண்டல் கயிற்றைக் கீழே போட்டார். சட்டையை மாட்டிக்கொண்டு நேரே துறைக்குப் போனார். பல மாதம் கழித்து அவர் போனது அன்றைக்குத்தான். எல்லாரிடமும் சொன்னார். கங்காணிகூட மூட்டையைப் பார்க்கத் திரும்பிக்கொண்டாராம்.

திங்கட்கிழமை வகுப்பில் பிள்ளைகள் நீட்டலளவை வாய்ப்பாடு சொன்னார்கள். ஆயிரத்து எழுநூற்று அறுபது கெஜம் ஒரு மைல். அக்கா கையிலிருந்த சாக்பீஸ் அப்படியே நின்றுவிட்டதாம். துறைமுகத்து வீடுகளில் மைல் என்றால் கடல் மைல்தான். தரை மைலை விட அது நீளம். தோணி இத்தனை மைல் ஓடியது, கொழும்பு இத்தனை மைல் என்று கேட்டுக் கேட்டு வளர்ந்தவர். பள்ளிக்கூடத்தில் தரை மைலைச் சொல்லிக் கொடுக்கிற அதே அக்கா, சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்ததும் அப்பாவின் மைலில் கணக்குப் போட்டுவிட்டார். புத்தகத்தில் வேகத்தை மணிக்கு இத்தனை மைல் என்று மட்டுமே அச்சிட்டிருந்தது; மைல் நீண்டால் ஓட வேண்டிய தூரமும் நீளும். தரை மைலில் போட்டால் மைதானம் மறுபடி தாராளமாகிவிட்டது.

யாருக்கும் தெரியாது. பேசாமல் இருந்திருக்கலாம். அக்கா பள்ளிக்கூடம் விட்டதும் வீட்டுக்கு வராமல் துறைக்குப் போனார். மூட்டை ஏற்றிக்கொண்டிருந்த அத்தனை ஆம்பிளைகளுக்கும் நடுவில் நின்று, அப்பா சொன்னது தப்பில்லை, நான் போட்டுக் கொடுத்த கணக்குத்தான் தப்பு என்று சொன்னார். எங்கே தப்பியது என்பதையும் சொன்னார்.

கங்காணிக்கு அல்வா கிடைத்த மாதிரி ஆயிற்று. "ஆகாசத்துல மைல்கல்லு நட்டிருப்பான் டீச்சர். பாத்துப் போட்டிருக்கப்படாதா?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள்.

"எந்த மைல்னு சொல்லாம நட்டது யாருன்னுதான் அண்ணாச்சி நானும் தேடுதேன்" என்றார் அக்கா. சொல்லிவிட்டு மெதுவாகத் திரும்பி நடந்தார். வேகமாக நடக்கவில்லை, அதைக் கிட்டங்கி வாசலில் நின்று பார்த்தேன்.  அன்றைக்குத் தண்டல் மறுபடி கயிற்றைக் கையில் எடுத்தார்.  மகளை வைதிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது எனக்கு.

அடுத்த விடுமுறையில் அக்கா ஒரு முடிவுக்கு வந்தார். ஊரெல்லாம் தேடியாயிற்று, தம்பி படித்த இடத்திலேயே போய்ப் பார்த்தால் என்ன? தண்டலும் வந்தார். அக்கா இங்கிலீஷ் படிப்பார், பேசிப் பழக்கமில்லை; பேச வேண்டியிருந்தால் இருக்கட்டும் என்று என்னையும் கூட்டிப்போனார்கள். 

மேனேஜர் தமிழ்க்காரர்தானே, என் இங்கிலீஷ் தேவைப்படவில்லை. மரியாதையாகத்தான் உட்காரச் சொன்னார். விசாரணை முடிந்துவிட்டது என்றார். அக்கா விசாரணையைப் பற்றிக் கேட்கவில்லை. உங்களிடம் என்னென்ன புத்தகம் இருக்கிறது, பார்க்கலாமா என்றுதான் கேட்டார். மேனேஜர் முகம் மலர்ந்துவிட்டது. வந்து பாருங்கள் என்று பக்கத்து அறைக்கு அழைத்துப் போனார். அங்கே இருந்தது, பிள்ளைகளே, ஒரு கண்ணாடி அலமாரி.

அக்கா தட்டினார். நம் வீட்டில் எண்ணெய் டின்னைத் தட்டிப் பார்ப்போமே, அந்த மாதிரி இரண்டு தட்டு.

மேனேஜர் சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்துத் திறந்தார். சாவியைப் பூட்டிலேயே தொங்கவிட்டார். அக்கா வரிசையாக முதுகுகளைப் படித்துக்கொண்டு போனார். ஒன்றை உருவினார். வருஷத்தைப் பார்த்தார். பின்பக்கத்துக்குப் போனார். போக முடியவில்லை. அந்தக் காலத்தில் சில புத்தகங்கள் ஓரம் வெட்டாமல் வரும். வாங்கியவர்தான் கத்தியால் பக்கங்களைப் பிரித்துப் படிக்க வேண்டும். அந்தப் புத்தகத்தின் பக்கங்கள் ஒட்டியபடியே இருந்தன. வாங்கி வைத்த நாளிலிருந்து ஒருவரும் அதைப் படிக்கவில்லை.

"அது சீமையிலேர்ந்து வரவழைச்சதும்மா. பசங்க கையில கொடுத்தா பாழாயிடும்" என்றார் மேனேஜர்.

அக்கா கொண்டையிலிருந்து ஊசியை உருவிப் பக்கத்தைக் கிழித்தார். மேனேஜர் கையை நீட்டித் தடுக்க வந்தார். தண்டல் நடுவில் நின்றுகொண்டார். ஒரு பக்கம், இன்னொரு பக்கம். மூன்றாவதில் ஒரு படம். கட்டம் கட்டமாக வரைந்து, அதில் சாய்வாகக் கோடுகள். ஒவ்வொரு கோடும் ஒவ்வொரு வெயிலுக்கு. கீழ்க்கோடு குளிர் தேசத்துக்கு; அதற்கு மேல், மேல் என்று நம் ஊர் வெயில் வரைக்கும். எந்த மைல், எந்தத் தரை என்று எல்லாம் அடியில் எழுதியிருந்தது. மேலே போகப் போக ஓடி உயர வேண்டிய தூரம் அதிகம். அக்கா தம்பி ஏற்றிய பாரத்தில் விரலை வைத்து, சித்திரை வெயிலின் கோட்டை நோக்கி மேலே இழுத்தார். மைதானத்தின் நீளம் முடிந்த பிறகும் விரல் போய்க்கொண்டே இருந்தது. மரங்கள் நின்ற இடத்தையும் தாண்டியது.

தண்டலுக்கு எழுத்துத் தெரியாது. குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, "ஏளா, இது வெயிலுக்கு உள்ள கோடா?" என்று கேட்டார்.

"ஆமாப்பா."

அக்கா புத்தகத்தை மூடாமல் மேனேஜரைப் பார்த்தார். "இதை என் தம்பி பாத்திருக்கானா?"

அவர் என்ன சொன்னார் என்பதை நான் ஒரு எழுத்துக்கூட மாற்றாமல் எழுதுகிறேன். அதை அவர் குறையாகத்தான் சொன்னார். "எங்கம்மா பார்ப்பான்? கேட்டுக்கிட்டே இருப்பான். இந்த அட்டவணை எந்த ஊர்ல போட்டது, எந்த வெயிலுக்குப் போட்டதுன்னு எப்பப் பார்த்தாலும் தொந்தரவு. அலமாரியைத் திறந்து காட்டுங்கன்னும் கேட்டான். ஒருத்தனுக்குத் திறந்தா எல்லாருக்கும் திறக்கணும்ல?"

 நான் அக்கா முகத்தைப் பார்க்கவில்லை, பார்க்க முடியவில்லை. அவன் கேட்டிருக்கிறான். எந்த வெயிலுக்கு என்று கேட்டிருக்கிறான். பதில் மூன்றடி தள்ளிக் கண்ணாடிக்குப் பின்னால் இருந்திருக்கிறது. புத்தகம் கிழியக் கூடாது என்று பூட்டி வைத்தார்கள்.

தண்டல்தான் பேசினார். குரலை உயர்த்தவில்லை. "ஐயா, இங்கன பாரம் போதும்னு கையைத் தூக்குறது யாரு?"

மேனேஜருக்குப் புரியவில்லை. நான் விளக்கினேன். அதெல்லாம் ஆபீஸ் முடிவு, ஓட்டுகிறவனைக் கேட்டுக்கொண்டிருந்தால் தொழில் நடக்காது என்றார். தண்டல் தலையை மட்டும் ஆட்டினார்.

வேண்டுமானால் அந்தப் புத்தகத்தை நீங்களே எடுத்துக்கொண்டு போங்கள் என்றார் மேனேஜர். எங்களை அனுப்பிவிட்டால் போதும் என்று ஆகிவிட்டது அவருக்கு. அக்கா எடுக்கவில்லை. "எனக்கு எதுக்கு? இங்கன படிக்கிற பிள்ளைகளுக்கு வேணும்" என்றார். பக்கத்தில் பையன்கள் உட்கார்ந்து படிக்கிற அறை. அங்கே போய் நீள மேசையின் நடுவில் அந்தக் கோடுகள் இருக்கிற பக்கத்தைத் திறந்து வைத்தார். பையன்கள் எழுந்து நின்றார்கள். திரும்பி வந்து, பூட்டில் தொங்கிய சாவியை உருவி முந்தானையில் முடிந்துகொண்டார். பூட்டை அலமாரிக்குள்ளேயே வைத்தார். யாரும் தடுக்கவில்லை. நாங்கள் ரயிலுக்கு நடந்தோம்.

தப்பு எங்களுடையது என்று அந்தக் கம்பெனி எழுதிக் கொடுத்ததா? இல்லை. அக்கா எத்தனையோ கடுதாசி போட்டுப் பார்த்தார். அவர்கள் காகிதத்தில் இன்றைக்கும் அந்தப் பையன்மேல்தான் தப்பு. 

துறையில் மட்டும் அது மாறியது. ஊர் திரும்பிய மறுநாள் தண்டல் கரையில் கிடந்த ஒரு பலகையில் கரித்துண்டால் சாய்வாகக் கோடு போட்டார். இது குளிர் தேசம், இது நம்ம சித்திரை, இதைத்தான் மகன் கேட்டான் என்று காட்டினார். தோணிக்காரர்களுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. காலத்துக்கு ஒரு கோடு என்பது அவர்கள் தினமும் பார்க்கிறதுதானே. கங்காணி வெகுநேரம் பலகையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அப்ப அந்தப் பிள்ள இதைக் கேட்டிருக்கானாவே?"

"கேட்டிருக்கான். காட்டல."

கங்காணி தலையில் சுற்றியிருந்த துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டார். வழியை விட்டு ஒதுங்கினார். தண்டல் தோணியின் அருகே போய்த் தன் இடத்தில் உட்கார்ந்தார். அன்று மூட்டை ஏறி முடிகிற நேரத்தில் அவர் கை மேலே போனதை நான் கிட்டங்கி வாசலிலிருந்து பார்த்தேன். பலகையில் வந்துகொண்டிருந்தவன் மூட்டையோடு திரும்பினான்.

நான் அந்த ஊரை விட்டு வரும்வரைக்கும் அந்தச் சாவி அக்கா வீட்டுக் கூடத்தில், தம்பியின் படத்துக்குக் கீழே ஆணியில் தொங்கியது. டியூஷனுக்கு வரும் பிள்ளைகள் அதைப் பார்ப்பார்கள். ஒரு சின்னப் பெண் ஒருநாள் கேட்டாள், "இது எதைத் தொறக்கிறதுக்கு டீச்சர்?" என்று. "பூட்டாம இருக்கறதுக்கு" என்றார் அக்கா. அந்தப் பெண்ணுக்குப் புரியவில்லை. வாய்ப்பாட்டைச் சொல்லு என்றார்.

புதுப் பூட்டு வாங்க எவ்வளவு நேரம் ஆகும்? அவர்கள் வாங்கியிருப்பார்கள். எனக்குத் தெரியும். அதற்காகத் தட்டாமல் இருக்க முடியுமா?

சின்னவனுக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றியதும் நான் மறுபடி உங்கள் பள்ளிக்கூடத்துக்கு வருகிறேன். அதற்குள் அந்த அலமாரியின் சாவி யாரிடம் இருக்கிறது என்று விசாரித்து வையுங்கள்.